கதவில் ஒட்டிய தாளில் எழுதிய நேரம்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நுரையீரல் நோயாளித் தாத்தா, ஆயாவான நான், பிறகு வந்த நர்ஸ் பெண். அவளுக்கு இது நாலாம் மாதம்.

தாத்தா மெஷினில் இழுக்கும் மருந்துப் புகை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். மெஷினை நிறுத்தி அரைமணி கழித்துத்தான் அவள் உள்ளே வரலாம். நிறுத்திய நேரத்தைக் கதவில் ஒட்டிய தாளில் எழுதி, அதுவரை வாசலில் நிற்பது என் வேலை. அன்று சாமி கும்பிட நேரமாகிறதே என்று, ஐந்தரைக்கு நிறுத்தியதை ஐந்துபத்து என்று எழுதிவிட்டு, பத்தே நிமிடத்தில் போய்விட்டேன். திரும்பி வந்தால் அவள் உள்ளே தலையணை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை.

"மத்தவங்க எழுதினா ஒருதடவை கேட்டுக்குவேன் அக்கா. நீங்க எழுதினதாச்சேன்னு அப்படியே வந்துட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுறதுன்னா வெளிய போய் அழுங்கம்மா, எனக்குத் தூக்கம் வருது" என்றார் தாத்தா.

கொஞ்ச நேரம்தானே, பயம் வேண்டாம் என்கிறார் டாக்டர். ஆனாலும் அடுத்த மாதம் ஸ்கேன். அன்றிலிருந்து எனக்குச் சாமி முன்னால் கைகூப்பக் கூசுகிறது.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், உங்கள் எல்லோருடைய போட்டோவும் வையுங்கள். ஸ்கேனுக்குத் துணைக்கு வரட்டுமா என்று அவளிடம் நான் கேட்கலாமா? வேலைக்கு நேரமாகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.