கீழ்த்தட்டில் மூன்றாவது சோக்

முதலிபாளையம்,
16.11.2025, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு அனுசுயா எழுதிக்கொண்டது.

பிரியாவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகிறது. இட்லி இறங்குகிறது. உங்கள் கையில் தீப்பட்ட இடம் ஆறிவிட்டதா, மருந்து ஒழுங்காகப் போடுகிறார்களா என்று செவ்வாய்க்கிழமை கேட்க நினைத்துத்தான் வந்தேன். நீங்கள் கேட்கவே விடவில்லை.

வெள்ளிக்கிழமை பெய்த மழையில் நம் வீட்டு சுவிட்ச் போர்டுக்குள் தண்ணீர் இறங்கி ஃபேன் நின்றுவிட்டது. எதிர்வீட்டு முனீஸ் டெஸ்டரோடு வந்தார். நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் போட்ட போர்டை இன்னொருவர் திறக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு நாளாக விசிறிக்கொண்டு படுக்கிறோம். என் புத்தி தெரிந்ததுதானே.

முதலாளி சாமியப்பன் எரிந்த ஷெட்டைப் பூட்டியே வைத்திருக்கிறார். பனியன் ஆர்டர் குறைந்ததும் நிட்டிங் மெஷினை எல்லாம் விற்றுவிட்டு, அதே ஷெட்டில் விளக்கு வெளிச்சத்தில் ஓட்டல்களுக்குக் கீரை வளர்க்கிறேன் என்று இறங்கியவர், இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்த வெள்ளாமையே எனக்கு வேண்டாமுங்க என்கிறாராம். சூடு ஏறினால் தானாக அணைகிற கட்-அவுட் வாங்கித் தரச்சொல்லி நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க என்றார். அதை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. ஆனால் அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் ஜெயிலில் மனுப் போட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். பிரியா எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கீழ்த்தட்டில் மூன்றாவது சோக்கு டெர்மினல் கறுத்திருந்துச்சா, முந்தின நாள் பாத்தியாட்டி என்று கேட்டீர்கள். பிறகு எர்த் வயரைப் பற்றிக் கேட்டீர்கள். பிறகு, எங்கயோ கோட்டை விட்டுட்டேன்ட்டி, நதியாவ நான்தான் கொன்னுட்டேன் என்று சொல்லிவிட்டு, நேரம் இருக்கும்போதே திரும்பி உள்ளே போய்விட்டீர்கள்.

வக்கீல் டேனியல் சார் தலையில் அடித்துக்கொள்கிறார். கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் ஜாமீன் வாங்கிவிடலாம், உங்க வீட்டுக்காரர்தான் உள்ளேயே கிடக்கிறேன், அதுதான் நியாயம் என்கிறார் என்று சொன்னார். ஐம்பத்திரண்டு நாளாக உங்களை உள்ளே வைத்திருப்பது போலீஸ் இல்லை, அந்த மூன்றாவது சோக்குதான். அதனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

டெர்மினல் கறுக்கவில்லை மாமா. நீங்கள் முறுக்கிய ஸ்க்ரூ ஒன்றும் தளரவில்லை. எர்த் வயரும் போட்டது போட்டபடி இருந்தது. நீங்கள் எங்கேயும் கோட்டை விடவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். நாற்பது சோடியம் விளக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோக். நாற்பது சோக்கையும் சுவரோரம் இரும்புத் தட்டில் மேலும் கீழுமாக வைத்திருந்தீர்கள். அதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உறுமுவதும், அதனால் தட்டுத் தகரம் அதிர்வதும் பல்லுக்குள் இறங்கும். நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். நாங்கள் ஒன்பது மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை நறுக்கிக் கட்டுகிறவர்கள். நதியாவுக்கு ஒற்றைத் தலைவலி. அந்தச் சத்தத்தில் வாந்தி எடுப்பாள். வேலைக்கு வந்த இரண்டாம் மாதமே, நான் நின்னுக்கிடவா அக்கா என்று கேட்டாள்.

நான்தான் சோக்குக்கு அடியில் பனியன் வேஸ்ட்டை மடித்து வைத்தேன். இந்த ஊரில் எதற்குத்தான் அதை வைக்காமல் இருக்கிறோம். ஆடுகிற கட்டில் காலுக்கு, ஒழுகுகிற குழாய்க்கு, தலையணைக்குள் அடைக்க, எல்லாவற்றுக்கும் அந்த வெட்டுத் துணிதான். வைத்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. நதியா என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள்.

அடுத்த வாரமே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். யார் வைத்தது என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்பது பேர் முன்னால் என்னைப் பார்த்துத்தான் சத்தம் போட்டீர்கள். கூறு கெட்டவளே, சத்தம் போட்டா போட்டுட்டுப் போகட்டும், சூடு எறங்க எடம் வேணும்லா, துணியப் போட்டு மூடுனா உள்ளேயே வெந்து சாகும் என்றீர்கள். எல்லாத் துணியையும் உருவிப் போட்டீர்கள். நீங்கள் சொன்னது சரி. ஆனால் கூறு கெட்டவள் என்று ஒன்பது பேர் முன்னால் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அந்த ரோசத்தில், நீங்கள் அடுத்த ஷெட்டுக்குப் போனதும் கீழ்த்தட்டில் மட்டும் மறுபடி வைத்தேன். மேல்தட்டில் வைத்தால் உங்கள் கண்ணில் படும். கீழ்த்தட்டில் குனிந்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் மெயினை அணைத்துவிட்டு, கண்டென்சரில் தங்கிய கரண்ட் இறங்கட்டும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு பிரஷ்ஷால் பஞ்சுத் தூசி தட்ட வருவீர்கள். நான் மூன்றே முக்காலுக்கே துணியை உருவி என் கூடையில் போட்டுக்கொள்வேன். நீங்கள் முடித்துப் போனதும் திரும்ப வைப்பேன். நடுவில் உங்கள் பைக் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். ஐந்து சனிக்கிழமை இப்படிச் செய்தேன் மாமா.

அந்த ஐந்து வாரமும் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கீழ்த்தட்டு மட்டும் ஏன் கொதிக்கிறது என்று கண்டென்சரை மாற்றினீர்கள். பழைய பல்பு கரண்டை அதிகம் இழுக்கிறதோ என்று புதுப் பல்பு போட்டுப் பார்த்தீர்கள். பக்கத்து மில்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ் ஏறுகிறதா என்று மீட்டரை வைத்துக்கொண்டு லீவு நாளில் போய் உட்கார்ந்தீர்கள். சோக்குகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டினீர்கள். ஒருநாள் சாப்பிடும்போது, எனக்கு வேலை மறந்து போச்சாட்டி என்று கேட்டீர்கள். நான் ரசத்தை ஊற்றிவிட்டு, ஒழுங்காச் சாப்பிடுங்க என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உங்களிடம் இன்னொரு தரம் திட்டு வாங்க வேண்டுமே என்று விழுங்கிவிட்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எழுத மாட்டேனா.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் முதல் புகை வந்தது மூன்றாவது சோக்கின் அடியிலிருந்து. நான் பார்த்தேன். துணிதான் முதலில் பற்றியது. பழைய நிட்டிங் ஷெட் இல்லையா, கூரைச் சட்டத்தில் அத்தனை வருடப் பஞ்சு. அடுத்த ஷெட்டிலிருந்து நீங்கள் ஓடி வந்து மெயினை அணைப்பதற்குள் மேலே பிடித்துவிட்டது. எட்டுப் பேரை நீங்கள் வெளியே இழுத்துவிட்டீர்கள். கீரைத் தட்டுக் கழுவுகிற மூலையில் நதியா இருந்தது எனக்குத் தெரியும். துணியை உருவிவிடலாம் என்று சோக்குப் பக்கம் குனிந்தேனே தவிர, அவளைக் கூப்பிடவில்லை. நினைவு வந்து கத்தும்போது உள்ளே புகையாக இருந்தது.

துணி எரிந்தால் என்ன மிச்சம் இருக்கும். வந்தவர்கள் மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என்னுதுதான் சார் என்றீர்கள். நான் பக்கத்தில் பிரியாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கருத்தம்மா அக்கா தினமும் நம் வீட்டுக்கு வருகிறார். நதியாவைப் பெற்றுப் பறிகொடுத்தவர், எனக்குச் சோறு கொண்டு வருகிறார். உங்களை வாயில் வந்தபடி எல்லாம் சபிக்கிறார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் செஞ்சதுக்கு நீ என்ன தாயி பண்ணுவ, சாப்பிடு என்கிறார். நானும் சாப்பிடுகிறேன். நேற்று நதியாவின் சுடிதார் ஒன்றைக் கொண்டுவந்து, பிரியாவுக்குப் பிடித்துத் தைத்துப் போடு என்று கொடுத்தார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டபோதுதான், இனி ஒருநாள்கூட இதை மறைக்க முடியாது என்று தோன்றியது.

பிரியாவை என் தங்கை சங்கரன்கோவிலிலிருந்து வந்து இன்று மத்தியானம் கூட்டிக்கொண்டு போகிறாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். நாளை காலையில் முதலில் கருத்தம்மா அக்காவிடம் சொல்வேன். அவர் என்ன செய்தாலும் சரி. பிறகு டேனியல் சாரோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். நீங்கள் எனக்காக ஏதாவது மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஜாமீன் பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள். வெளியே வந்து பிரியாவிடம் போங்கள். அவள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இனிமேலாவது கண் மூடித் தூங்குங்கள். உங்களுக்கு வேலை மறக்கவில்லை.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அனுசுயா

இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் ஐயா அவர்களுக்கு, உள்ளே வரும் கடிதங்களை நீங்கள் படித்துவிட்டுத்தான் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் பின்வாங்கிவிடக் கூடாது என்றுதான், நேரில் சொல்லாமல் எழுதி அனுப்புகிறேன். வழக்குக்கு வேண்டுமென்றால் இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கூப்பிட்டு, அருண்பாண்டி, உன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள் ஐயா. அப்படியென்றால் வேறு யார் செய்தது என்று அவர் விடாமல் கேட்பார். என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.