ஏழாம் மாதத்துக்கு ஒரு வண்டி

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அல்மாஸுக்கு அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் அம்மா, தம்பி இத்ரீஸ் மூவரும் சௌக்கியம். ஹூப்ளியில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவும், உன் வயிற்றில் இன்னும் பெயர் வைக்காத அந்த ஆறு மாத ஆளும் சௌக்கியமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் பேச ஆரம்பித்ததும் நீ அழுகிறாய், நீ அழுதால் அவள் அழுவாள், நான் எழுந்து கடைக்குப் போய்விடுவேன். சொல்ல வந்த விஷயம் ஒருநாளும் முழுசாகப் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் இந்தப் பார்சலோடு எழுதி வைக்கிறேன், உள்ளே இருப்பது முதுகுக்கு வைத்துக்கொள்ள நான் தைத்த குஷன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு, பாதியில் பண்ணாதே.

உன்னை அழைத்து வர எந்த வண்டி எடுத்தீர்கள், எடுத்தீர்களா என்று மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டுவிட்டார். எடுத்தாகிவிட்டது, அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று உன் அம்மா ஒற்றைக்காலில் நின்றது உனக்கே தெரியும். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனதற்கு அப்புறம் அவளுக்கு அது வைராக்கியமாகவே ஆகிவிட்டது. அலைச்சல் வேண்டாம், இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி அம்மா நல்ல மனசோடு சொன்னதற்கு, என் பெண்ணைப் பார்க்க எனக்குத் துப்பில்லையா என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். ரயில் என்றால் பெங்களூரில் மாறி ஏற வேண்டும், இரண்டு வருஷம் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து உன் அம்மாவுக்கு அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, ஸ்டேஷன் படி ஏறுவது நடக்காத காரியம். ஆனால் உன்னை அழைக்க நான்தான் போவேன், இன்னொருத்தரை அனுப்பமாட்டேன் என்று அதிலும் அவளுக்குப் பிடிவாதம். போகும்போது அவள் முதுகையும் வரும்போது உன் வயிற்றையும் பத்திரமாகக் கொண்டுவருகிற மாதிரி ஒரு வண்டி, அதிலேயே நம் கடையின் ஆறடி ஃபோம் ஷீட்டும் ரெக்சின் ரோலும் ஏற வேண்டும். பழைய வேன் அதற்கு ஆகாது என்று இத்ரீஸ் அதை விற்றுவிட்டான். பெரியதும் இல்லாமல் சின்னதும் இல்லாமல் நடுவாந்திரமாக ஒரு எஸ்யூவி பார்ப்போம் என்று கிளம்பினோம்.

கண்ணு, முப்பத்தோரு வருஷமாக ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு நான் சீட் கவர் தைத்திருக்கிறேன். மோட்டாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சீட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஆள் கிடையாது. கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் உள்ளே என்ன ஃபோம், எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். இத்ரீஸோ ராத்திரி பகலாகப் போனில் வண்டி வீடியோ பார்த்து எந்த வண்டி எத்தனை நொடியில் நூறு தொடுகிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது அந்த நூறை எங்கே போய்த் தொடுவாய் என்று கேட்டேன், முறைத்தான்.

இதற்கு நடுவில் உன் அம்மா ஒரு வேலை செய்தாள். சீட் பெல்ட் ஏழு மாத வயிற்றில் எப்படி உட்காரும் என்று தெரியாமல் எந்த வண்டியையும் எடுக்க விடமாட்டேன் என்றாள். ஃபோமை வயிறு போல வெட்டி, நடுவில் பள்ளம் எடுத்து, அதில் மூன்று கிலோ ராகிப் பையை வைத்து, ரெக்சினில் மூடித் தைத்து, பின்னால் கட்டிக்கொள்ள நாடாவும் வைத்துக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். என் தொழிலில் காருக்கும் லாரிக்கும் தைத்திருக்கிறேன், வயிறு தைத்தது இதுதான் முதல் தடவை. புர்காவுக்குள் அதைக் கட்டிக்கொண்டு ஐம்பத்து நாலு வயசில் ஷோரூமுக்குள் நடந்தாளே, அங்கே இருந்தவர்கள் நாற்காலி கொண்டுவர ஓடினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டது.

முதலில் பார்த்தது சிவப்பு வண்டி. மேலே கண்ணாடிக் கூரை திறக்கிறது, உள்ளே டிவி மாதிரி ஒரு திரை, இத்ரீஸ் வாயைப் பிளந்தான். உன் அம்மா பின் கதவைத் திறந்து ஏறப் பார்த்தாள், உயரத்தில் கால் எட்டவில்லை, பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் முன் சீட்டில் இடிக்கிறது. வானத்தைப் பார்க்கவா போகிறோம், இறங்கு என்று அவளே இறங்கிவிட்டாள்.

இரண்டாவது சாம்பல் கலர் வண்டி. இதில்தான் நான் ஏமாந்தேன். சீட்டில் கட்டைவிரலை வைத்தேன், வெண்ணெய், அப்படி ஒரு ஃபோமை என் ஆயுளில் தொட்டதில்லை. தையலும் ஒரு இழை பிசகவில்லை. இதுதான் வண்டி, வேறு பார்க்கவே வேண்டாம் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்த ஷோரூமுக்கு நான்தான் வருஷக்கணக்கில் சீட் கவர் தைக்கிறவன், அதனால் அரைநாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். இத்ரீஸ் ஓட்டினான், நான் முன்னால், உன் அம்மா வயிற்றோடு பின்னால். பதினைந்து நிமிஷம் சொர்க்கம். அதற்கு மேல் அவளிடமிருந்து பேச்சே இல்லை, உன் அம்மா பேசவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். வேகத்தடையில் வண்டி மேலும் கீழும் தொட்டில் போல ஆடியதில் கையில் வைத்திருந்த மோர் என் வெள்ளைச் சட்டையில். தொப்பூர் இறங்கியதும் நிறுத்து என்றாள். ரோட்டோரக் கடை முன்னால் இறங்கினால் இரண்டு காலும் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. அத்தனை மெத்தென்ற சீட்டில் இடுப்பு உள்ளே புதைந்து முதுகெலும்பு வளைந்திருக்கிறது. கடைக்கார அம்மா ஓடி வந்து தாங்கிப் பிடித்து, எத்தனாவது மாசம்ங்க, இந்த வயசுல கடவுள் குடுத்திருக்கான், சூதானமா இருங்க ஆத்தா என்று சொல்லி டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். லாரி டிரைவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் வெட்கம் அது இல்லை அல்மாஸ். முப்பத்தோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான சீட்டை அமுக்கிப் பார்த்திருக்கிறேன், ஒரு சீட்டிலாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனா? தைத்து மாட்டிவிட்டு என் மொபெட்டில் வீட்டுக்கு வந்துவிடுவேன். விரலுக்குச் சுகமாக இருப்பது முதுகுக்கும் சுகம் என்று நினைத்துவிட்டேன். எத்தனை பேருக்கு மெத்தென்று தைத்துக் கொடுத்து முதுகைக் கெடுத்தேனோ, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மூன்றாவது வெள்ளை வண்டி, அதன் சீட்டை முதல் நாளே அமுக்கிப் பார்த்துப் பலகை என்று நான் தள்ளிவிட்டது. அந்த ஷோரூமில் சோபனா என்று ஒரு பெண், விற்கிற வேலை, ஆனால் விற்கிற பேச்சு இல்லை. உன் அம்மாவின் வயிற்றைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட் வயித்து மேல வரக் கூடாதுங்க, கீழ்ப்பட்டை வயித்துக்கு அடியில இடுப்பு எலும்பு மேல, மேல்பட்டை நெஞ்சுக்கு நடுவுல, நான் ஒம்பதாம் மாசம் வரைக்கும் இப்படித்தாங்க வேலைக்கு வந்தேன் என்று போட்டுக் காட்டினாள். நீயும் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது அப்படியே போட்டுக்கொள். வியாழக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு தொப்பூர் இறங்கி ஏறி, அப்படியே கிருஷ்ணகிரி போய்த் திரும்பினோம். ஏற்றத்தில் ஏசியைப் போட்டால் கொஞ்சம் திணறத்தான் செய்கிறது, கியரைக் குறைத்தால் ஏறிவிடுகிறது, இத்ரீஸுக்கு அதில் மனக்குறை. ஆனால் வளைவில் சாயவில்லை, பிரேக் போட்டால் முன்னால் தூக்கி எறியவில்லை, வேகத்தடையில் மோர் டம்ளரிலேயே இருந்தது. பின் சீட்டுக்குத் தனியாக ஏசிக் காற்று வருகிறது. படி தாழ்வு, உன் அம்மா தானே ஏறினாள். பின் சீட்டை மடித்தால் ஃபோம் ஷீட் வளையாமல் படுக்கிறது, மடிக்காமல் டிக்கியில் இரண்டு பெட்டியும் தொட்டிலும் வைக்கலாம். பத்துக்கு எட்டு மார்க் போடலாம், கலர் அழுக்குத் தாங்காது, அதற்கு அரை மார்க் குறைத்துக்கொள்.

உன் அம்மா அதில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஜன்னல் வழியாக மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன். சரி, அல்மாஸை அழைக்கப் போக வண்டி கிடைத்தாயிற்று என்று வீட்டுக்கு வந்ததும் நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் அந்த ராகி வயிற்றை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், முதுகு வலிக்கலைங்க, ஆனா இந்த மூணு மணி நேரத்துல இது அடிவயித்தை இழுத்த இழுப்பு எனக்குத்தான் தெரியும், இது ராகிங்க, கழட்டி வச்சிட்டேன், அவ எங்க கழட்டி வைப்பா, பத்து மணி நேரம், அதுவும் போன வருஷம் அப்படி ஆனதுக்கு அப்புறம், நான் கூட்டிட்டு வரமாட்டேன் என்றாள். அப்ப தாய் வீட்டுப் பிரசவம் என்று கேட்டேன். அவளுக்கு வேண்டியது நானா, இந்த வூட்டுச் சுவரா, நானே அங்க போய் இருந்துக்கிறேன் என்று என்னைத்தான் அதட்டினாள்.

இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எப்போது வீட்டுக்கு வருவோம் என்று நீ நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாய், உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தாயிற்று, எனக்கும் ஆசைதான், பொய் சொல்லமாட்டேன். போகலாம், ஆனால் குலுங்காமல் போங்கள் என்றுதானே உங்கள் டாக்டரும் சொன்னார், தாராளமாகப் போங்கள் என்று சொல்லவில்லையே. நல்ல வண்டி கிடைத்ததால்தான் இந்த முடிவுக்கே வர முடிந்தது, ஏனென்றால் உட்கார்ந்து வர முடியும் என்று உன் அம்மாவுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வெள்ளை வண்டியையே புக் பண்ணிவிட்டோம். அன்றைக்கே அவள் தானாக சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டு, நான் அன்னைக்குப் பேசினது தப்புங்க, பிரசவம் முடிஞ்சு நாப்பது நாள் வரைக்கும் உங்க வூட்டுல எனக்கு இடம் வேணும் என்று கேட்டாள். பெண் கொடுத்த வீட்டில் ஒருவேளைக்கு மேல் சாப்பிடாதவள் கேட்டாள் அல்மாஸ். படி ஏற வேண்டாம் சம்பந்தி, கீழ் ரூமையே ஒழிச்சு வைக்கிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். கடுதாசி வந்து சேரும் வரைக்கும் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், அதற்காக அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. உன் பெரியம்மா, ஊர் என்ன பேசும் என்றாள். ஊர் வந்து பிள்ளையைத் தூக்குமா என்று கேட்டேன், போனை வைத்துவிட்டாள்.

இத்ரீஸ்தான் ஓட்டுவான், நூறைத் தொட்டால் இறக்கிவிட்டு நானே தள்ளிக்கொண்டு போவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, சித்ரதுர்காவில் ராத்தங்கி இரண்டு நாளாக வருகிறோம். நானும் இத்ரீஸும் நாலு நாளில் திரும்பிவிடுவோம், கடை இருக்கிறது. நாற்பது முடிந்து டாக்டர் சரி என்றதும் வந்து உங்கள் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு வருவோம், இன்ஷா அல்லாஹ்.

இரும்பு மாத்திரையை மறக்காதே, கசக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே போடுகிற பழக்கம் இன்னும் இருந்தால் மாப்பிள்ளை எனக்கு எழுதட்டும். இடது பக்கம் சாய்ந்து படு. அல்லாஹ் உனக்குச் சுகப்பிரசவத்தையும் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும் தருவானாக, உன் மனதில் இருக்கிற பயத்தை எடுத்துவிடுவானாக. வருகிற பதினெட்டாம் தேதி சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மேல் உங்கள் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்கும். ஓடி வராதே. உன் அம்மா இறங்கக் கொஞ்சம் நேரமாகும், யாரையும் கை பிடிக்க விடமாட்டாள், தானே நடந்து உள்ளே வருவாள். நீ இருந்த இடத்திலேயே இரு.

இப்படிக்கு,
உன் அத்தா
முகம்மது கவுஸ்