மெத்தைக்குப் போன மிளகாய்ச் செடிகள்

அன்பு மகள் வெண்மதிக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், செஞ்சி மலைக்குத்தான் காய்ச்சல், பாறையைத் தொட முடியவில்லை. நீ அஸ்ஸாமில் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் உன் ஆராய்ச்சிக்கு நீ கேட்ட இலைப் பொட்டலங்களோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், இதைப் படிக்காமல் எதையும் மிஷினில் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வந்தபோது ஒரே பழத்து விதையில் நீ போட்டுவிட்டுப் போன மிளகாய்ச் செடிகளை, தோட்டத்தில் ஒரே இடத்தில் வைத்து ஒரே அளவு தண்ணீர் விட்டுப் பிள்ளை போலத்தான் வளர்த்தேன். போன மாசம் நீ கூப்பிட்டபோது நான் அவலூர்பேட்டை சவாரியில் இருந்தேன், ஆட்டோ சத்தத்தில் பாதி செடி, மெத்தில், பாக்கணும் என்றுதான் காதில் விழுந்தது. நம்மூரில் மாடிக்கு மெத்தை என்றுதானே பேர்? மெத்தையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறாய் என்று நினைத்து, பாதித் தொட்டிகளை மூச்சு வாங்க மேலே ஏற்றினேன். உங்கம்மா, "இன்னாய்யா, கத்திரி வெயில்ல செடிய வறுக்கப் போறியா?" என்றாள். "உனக்கு இன்னா தெரியும், இது சயின்ஸ்" என்று நான் வேறு அதட்டினேன்.

நேற்று இலை பறிக்க நீ அனுப்பிய உன் சிநேகிதி லுப்னா, மேலே சுருண்டு நின்ற செடிகளைப் பார்த்துக் காரணம் கேட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "அய்யோ அங்கிள், மெத்தில்னா மெத்தை இல்ல, ஜீன் மேல ஒட்டிக்கிற துக்குணூண்டு சரக்கு" என்றாள். செடிக்குள் புரதம் செய்கிற ரைபோசோம் என்று ஒன்று இருக்கிறதாம், அதைக் கட்டுகிற ஜீன் ஒன்றே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்குமாம், ஒரு பழத்துப் பிள்ளைகளுக்குள்ளேயே அந்த எண்ணிக்கை கூடக்குறைய இருக்குமாம். கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி எல்லாம் ஒன்றாக எரியாதாம், மெத்தில் ஒட்டினது அணைந்து கிடக்குமாம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், தப்பிருந்தால் லுப்னாவைத் திட்டாதே, அடுப்பு என்னுடையது. "வெயில் பட்டதுல எது வேலை செய்யும் எது செய்யாதுன்னு சொல்ல முடியாது அங்கிள், அவ கணக்கே மாறிடலாம்" என்றாள் பாரு, அப்போது எனக்கு வேர்த்துவிட்டது.

இலையை எப்படிப் பறிப்பது என்று காட்டிவிட்டு அவள் போனதும் உங்கம்மா, "கீழ எறக்கி நாலு நாள் தண்ணி ஊத்து, பச்சையாயிடும், ஆருக்குத் தெரியும்? அப்புறமா பறிச்சி அனுப்பு" என்றாள். பச்சையாகிவிடும்தான், உள்ளே அணைந்தது திரும்பப் பற்றிக்கொண்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை நம்பி நீ ஒன்று எழுதி, நாளைக்கு அது பொய்யென்று நாலு பேர் சொன்னால் நான் எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பேன்? அதனால் இன்றைக்கே பறித்து, வெயிலில் நின்றதற்குச் சிவப்பு நூலும் நிழலில் நின்றதற்கு வெள்ளை நூலும் கட்டியிருக்கிறேன். வெயில் பட்டது, படாதது என்று இதையே சேர்த்து ஆராயலாம் என்கிறாள் லுப்னா. ஆறுதலுக்குச் சொன்னாளா நிஜமா என்று நீதான் சொல்ல வேண்டும். உன் இத்தனை மாச உழைப்பு வீணா இல்லையா, அதை மட்டும் முதலில் சொல்லு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

எடுத்த காரியம் உனக்குக் கைகூட வேண்டும் அம்மா, நீ நன்றாக இருக்க வேண்டும். கொசுவலை கட்டாமல் படுக்காதே. உங்கள் சார் கேட்டால் பழியை நீ ஏற்காமல் என் பெயரைச் சொல்லிவிடு. அவர் என்னை ஃபெயிலாக்க முடியாது, அந்த வேலையைப் பத்தாவதிலேயே செய்து முடித்துவிட்டார்கள்.

என்றும் உன் நைனா,
இராமச்சந்திரன்
செஞ்சி