வீடு கிளம்பிப் போன வருடம்

ஹாம்பர்க்,
14 ஜனவரி 2005

அன்புள்ள அகினெஸுக்கு, மௌரி, நம் ஊர் வணக்கம்.

நீயும் மகள் தெபோராவும் நலமா? சான்டோஸ் துறைமுகத்தில் எல்லோருக்கும் கடிதம் வந்தது, எனக்கு மட்டும் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரனின் மனைவி எழுதியதை அவன் வாசிக்கக் கேட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இங்கே ஆறு உறைந்து கிடக்கிறது. கப்பல் பனித்தகடுகளை உடைத்துக்கொண்டு போகும்போது, என் படுக்கைக்கு அடியில் யாரோ தேங்காய் துருவுவது போலச் சத்தம். அரைத்தூக்கத்தில் அது நீதான் என்று நினைத்துவிட்டேன். விழித்த பிறகு எந்த நாடு என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆகிறது. நாடுகள் வருகின்றன, இறங்கிச் சிகரெட் வாங்குகிறேன், போய்விடுகின்றன. ஆனால் எங்கே கண்ணை மூடினாலும் தராவா தீவில் நம் வீடு அதே இடத்தில் இருக்கிறது.

தெபோராவுக்கு விழுந்த முன்பல் முளைத்ததா என்று எழுது.

உன்,
பௌரோ


தராவா,
2 மார்ச் 2005

அன்புள்ள உங்களுக்கு,

சான்டோஸுக்கு எழுதத்தான் செய்தேன். அது உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டிருக்கும். தெபோராவின் பல் முளைத்துவிட்டது, சற்றுக் கோணலாக.

ஒரு செய்தி. நியூசிலாந்துக் குடியேற்றக் குலுக்கலில் நம் பெயர் விழுந்திருக்கிறது. தபால் உங்களைத் துரத்திப் பிடிப்பதற்குள் கெடு முடிந்துவிடும் என்று நானே சரி சொல்லிவிட்டேன். தே புக்கே என்ற ஊரில் கிவிப்பழம் பெட்டியில் அடுக்கும் வேலை. உங்களையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் முடிவதற்குள் நீங்கள் வந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் இடம் போய்விடுமாம்.

உங்கள் அக்கா, "புருஷன் கடல்ல, பொண்டாட்டி வெளிநாட்டுல. அப்ப குடும்பம் எங்கடி இருக்கும்?" என்று கேட்டார். "தபால்ல" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கோபப்படாதீர்கள். நீங்கள் போன ஊர்களையெல்லாம் தெபோராவின் பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் விரலால் தேடியிருக்கிறேன். எனக்கும் ஓர் ஊரில் காலை ஊன்றி இறங்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அகினெஸ்


டர்பன்,
30 ஏப்ரல் 2005

அகினெஸ்,

கேட்காமல் செய்துவிட்டாய்.

ஊர் ஊராக அலைகிறவனுக்கு ஓரிடமாவது அசையாமல் இருக்க வேண்டும். அந்த இடம் நீ என்று இருந்தேன். இப்போது கண்ணை மூடினால் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வேலை முடிந்ததும் நான் தராவாவுக்குத்தான் திரும்புவேன். நீ உன் பழங்களோடு இரு.

தெபோராவுக்கு முத்தம்.

பௌரோ


தே புக்கே,
20 ஆகஸ்ட் 2005

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை இடைவேளையில் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கத் தைரியம் வரவில்லை.

இங்கே காலையில் மூடுபனி தரையோடு படுத்திருக்கிறது. அதற்குள் நடந்தால் பாதங்கள் தெரிவதில்லை. வந்த புதிதில் ஒரு நாள் தவறான நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கிவிட்டேன். எல்லா வீடும் ஒரே மாதிரி. யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு மதில்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போது நினைத்துக்கொண்டேன், ஒவ்வொரு ஊரிலும் நீங்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று. எழுதும்போது சிகரெட் வாங்கியதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அன்று அழுதது எனக்காக இல்லை.

என்னோடு பழம் அடுக்கும் மேரேயானா இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண். "உன் வீட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்டாள். கடலில் என்றேன். "அது பெரிய எடமாச்சே, பாத்து வரச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

அகினெஸ்


நடுக்கடல்,
9 மே 2006

அன்புள்ள அகினெஸுக்கு,

பழம் ஏற்ற எங்கள் கப்பல் உன் ஊருக்குப் பக்கத்துத் துறைமுகமான டௌரங்காவுக்குப் போகிறது என்று தெரிந்தபோது, உனக்கு வேடிக்கை காட்டப் போவதாகத்தான் நினைத்தேன்: பார், உலகம் சுற்றியவன் வந்திருக்கிறேன் என்று. நடந்தது வேறு.

உன் வீட்டுக்குள் நுழைந்ததும் தெபோரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தேநீர் கொண்டுவந்து, "சக்கரை போடணுமாப்பா?" என்று கேட்டாள். பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. தப்பு அவளுடையது இல்லை. குளியலறையில் வெந்நீர் எந்தக் குழாய் என்று தெரியாமல் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினேன். கடையில் நீ பேசினாய், சிரித்தாய், கடைக்காரப் பெண் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். திரும்பி நடக்கையில் பனி இறங்கியது. யாருடைய கனவுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டேன், கொஞ்ச நேரத்தில் மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நீ மாறியிருந்தாய். நடையில் அவசரம் இல்லை. அதைத்தான் கப்பலில் ஏறியதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் ரோட்டர்டாமில் என் ஒப்பந்தம் முடிகிறது. எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்கிறார்கள். தராவா என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. டர்பனிலிருந்து எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

நான் அங்கே வரலாமா?

பௌரோ


தே புக்கே,
11 ஜூன் 2006

அன்புள்ள உங்களுக்கு,

சொந்த வீட்டுக்கு வர யாராவது கேட்பார்களா என்று தெபோரா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமானதிலிருந்து எத்தனையோ தடவை கப்பல் ஏறியிருக்கிறீர்கள். போகலாமா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. தேதியைச் சொல்வீர்கள், நான் பெட்டியில் துணியை அடுக்குவேன். இப்போதுதான் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்.

அதனால்தான் உடனே பதில் எழுதவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சில நாள் வேலைக்குப் போய்வந்தேன். பதில் என் கையில் இருப்பது எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்தேன். நன்றாக இருந்தது.

வாருங்கள்.

உங்கள்,
அகினெஸ்