இரண்டு விசிறியும் ஒரு மாவுக் குண்டாவும்

டிசம்பர் 3

மாவு பொங்கிவிட்டது. லேப்டாப் அணைந்துவிட்டது. இரண்டும் ஒரே மத்தியானத்தில்.

புனேக் குளிரில் சமையலறையில் மாவு புளிப்பதே இல்லை. என் மேஜையில், லேப்டாப்புக்குப் பின்னால், சன்னல் வெயில் படும் இடத்தில் குண்டாவை வைத்தால்தான் நுரைத்து எழுகிறது. ராசியான மூலை. லேப்டாப்புக்குத்தான் அந்த ராசி இல்லை. அரை மணி நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல்லாகித் திரை கருத்துவிடுகிறது.

பதினெட்டாம் தேதி வீடியோவில் நேர்காணல், ஒரு மணி நேரம். மகள் பார்கவி பிறந்தபோது விட்ட வேலை. அவள் இப்போது கல்லூரியில். இத்தனை வருஷம் கழித்து ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. பாதிப் பேச்சில் நான் கருத்துப்போனால்?

டிசம்பர் 5

கேம்ப் பக்கத்து ரிப்பேர் கடையில் லேப்டாப்பைப் பிரித்துத் தூசி தட்டினார்கள். அங்கே ஒரு மணி நேரம் சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் அணைந்தது. அதற்கும் என்னைப் போல, வெளியே போனால்தான் உற்சாகம்.

"புதுசு வாங்கிடலாம் சியாமி," என்றார் என் வீட்டுக்காரர் பாஸ்கர். வேண்டாம். வேலை கிடைத்தால் அவர்களே தருவார்கள். கிடைக்காவிட்டால் அந்தப் புதுசு தினமும் என்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

டிசம்பர் 8

லேப்டாப்புக்கு அடியில் வைக்கக் கூலிங் பேட் நானே செய்கிறேன். செத்துப்போன டெஸ்க்டாப்பின் இரண்டு விசிறி, பழைய வைஃபை பெட்டியின் அடாப்டர், பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டு.

"ரெண்டுலயும் வோல்ட் ஒண்ணான்னு பாத்துக்கோ," என்றார் பாஸ்கர். ஆகுர்டி தொழிற்சாலையில் எஞ்சினியர். அதோடு விட்டிருக்கலாம். காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் காற்றோட்டம் பற்றி வகுப்பெடுத்தார். ரசம் ஆறிப்போயிற்று.

டிசம்பர் 10

சுவிட்சைப் போட்டதும் நான் எழுதிவைத்த பதில்களெல்லாம் பறந்தன. விசிறிகளைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன்.

"அம்மா, நீ மேஜையை கூல் பண்றே," என்றாள் பார்கவி.

டிசம்பர் 11

திருப்பிக் கட்டினேன். ஐம்பது நிமிடம்! சத்தம்தான் கொஞ்சம். பாஸ்கர் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். கீழே 'நம்ம டிசைன்' என்று. நம்ம!

டிசம்பர் 15

ஐம்பதைத் தாண்டவில்லை. வேகமாகப் பேசிப் பழகுகிறேன். மாவு இன்றும் அருமை.

டிசம்பர் 18

காலையில் எதிர்வீட்டு மராத்திக்கார அக்கா, வைஷாலி தாயி ஓடிவந்தார். "பாவுணே ஆலே!" விருந்தாளிகளாம். என் மேஜையிலிருந்து மாவைக் குண்டாவோடு தூக்கிக்கொண்டு போனார்.

நேர்காணலில் முதல் கேள்வி: "மேடம், பக்கத்தில் மாவு மில் ஏதாவது ஓடுகிறதா?"

விசிறிகளை அணைத்தேன். இனி அரை மணிதான் உயிர் என்று, மனதில் இருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். ஏன் வேலையை விட்டேன், ஏன் திரும்ப வேண்டும் — பழகிவைத்த பதில் ஒன்றுகூட இல்லை. முடித்துவிட்டுக் கருப்புக்காகக் காத்திருந்தேன். கருக்கவில்லை. அவர்கள் மூவரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களை. ஒரு மணி நேரமும் ஓடியது. எப்படி?

சாயங்காலம் தாயி கழுவிய குண்டாவைத் தந்தார். பழைய இடத்திலேயே வைத்தேன். கை நின்றுவிட்டது. லேப்டாப்பின் சூடு வெளியேறும் வாய் — நேர் எதிரே, அதை அடைத்துக்கொண்டு, என் குண்டா.

அடக் கடவுளே. வெயிலாவது ராசியாவது!

பாஸ்கரிடம் சொல்லவா? 'நம்ம டிசைன்'. பாவம், இருக்கட்டும்.

டிசம்பர் 29

வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வெங்காயம் நறுக்காமலே அழுதேன்.

ஜனவரி 17

கம்பெனி லேப்டாப் ஐஸ்கட்டி. இரண்டு வாரமாக இட்லி செங்கல். பார்கவி சட்னியை மட்டும் சாப்பிடுகிறாள்.

இன்று சனிக்கிழமை. பழைய லேப்டாப்பைச் சமையலறையில் வைத்து, ஏதோ ஒரு வீடியோவை ஓடவிட்டு, பின்னால் குண்டாவை ஒட்டிவைத்தேன். பாஸ்கர் தண்ணீர் குடிக்க வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார். குண்டாவைப் பார்த்தார். அம்புக்குறி போட்ட அதே விரலை நடுவில் நீட்டி, சுட்டதும் இழுத்துக்கொண்டார்.

"சியாமி, ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எந்த ஆபீஸ்லங்க? உங்க ஆபீஸ்லயா, என் ஆபீஸ்லயா?"