குடைக்கடைப் படத்துக்கு மஞ்சள் பூசியது

பலேர்மோ,
ஒக்ரோபர் 14

அன்புள்ள மகள் கேசிகாவுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் சுகத்தை வட்சப்பில் விழும் நீலக்கோட்டைப் பார்த்து அறிந்துகொள்கிறோம், அதுவும் கடவுள் செயல். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று சிரிக்காதே. இதோடு நாங்கள் சிஞ்ஞோறா என்று கூப்பிடும் மிரியாம் அம்மா கையெழுத்து வைத்த அனுமதிப் பத்திரம் வருகிறது, அதைக் கொண்டு நீ அங்கே லைப்சிக்கில் ஒரு ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். போனில் சொன்னால் 'பாப்பம் அம்மா' என்பாய். உன் பாப்பம் ஆறு மாதம் போகும், சிஞ்ஞோறாவுக்கு எண்பத்தெட்டு வயது.

பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் நாலாம் மாடியில் நான் எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாதான், அவர் வீட்டு லிப்டுக்குள் நீ ஒருமுறை மாட்டுப்பட்டு அழுதாயே. அவர் பிறந்தது நீ இருக்கும் ஊரில் என்பது உனக்குத் தெரியாது. அவருடைய தகப்பனுக்கு அங்கே குடைக்கடை இருந்ததாம். யூத ஆட்களுக்கு அப்போது அந்த ஊரில் பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி, ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் சங்கம், பந்தடிக் கழகம் என்று இல்லாததே இல்லையாம். சங்கம் என்றதும் உன் அப்பாவுக்கு உசார் வந்துவிட்டது, தலைவர் பதவிக்குச் சண்டை வந்ததோ என்று கேட்டார். ஏன் வராமல், செயலாளர் பதவிக்காக எங்கடை அப்பாவும் பக்கத்துத் தொப்பிக்கடைக்காரரும் ரெண்டு வருசம் கதைக்கேல்லை எண்டு அம்மா சொல்லுறவ என்றார் சிஞ்ஞோறா. அப்பாவுக்கு அன்றிலிருந்து அந்தக் குடைக்கடைக்காரர் சொந்தக்காரர் மாதிரி. பிறகு ஒரே இரவில் கண்ணாடிகளை உடைத்து, கடையையும் பறித்துவிட்டார்கள். தாய் கைக்குழந்தையோடு இத்தாலிக்கு வந்துவிட்டார், தகப்பன் வரவில்லை. அவர் பிழைத்தாரா, பிழைத்திருந்தால் தங்களைத் தேடினாரா, இது ஒன்றைத்தான் சிஞ்ஞோறா சாகுமுன் அறிய ஆசைப்படுகிறார்.

அதற்காக அந்தக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கடை வாசலில் தகப்பன் நிற்கும் படத்தையும் வைத்துத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார். இருப்பதே அந்த ஒரு படம்தான். கொப்பி எடுப்போம் என்றேன், கொப்பியில் அப்பான்ரை முகம் விளங்காது என்று அசலையே வைத்துவிட்டார். இனி நான் செய்த வேலையைக் கேள், கேட்டுவிட்டுக் கத்தாதே. நல்ல காரியத்துக்குப் போகும் கடிதம் ஆயிற்றே என்று வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் மஞ்சள் பூசினேன். கடிதத்துக்கு மட்டும் பூசினால் படம் கோபிக்கும் என்று படத்தின் மூலைகளுக்கும் பூசினேன். உன் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் பூசித்தான் அனுப்பினேன், இடம் கிடைத்ததா இல்லையா?

மூன்று கிழமையில் ஜேர்மன் மொழியில் பதில் வந்தது. அப்பா போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கம் போய் மன்னார் அகஸ்ரினைக் கூட்டிவந்தார், அவர் ஜேர்மனியில் பன்னிரண்டு வருடம் உணவகத்தில் சமைத்தவர். குசினிக்குள் பழகிய ஜேர்மன், ஆனாலும் முதல் வரியிலேயே ஒரு சொல்லைப் பிடித்துவிட்டார். படத்திலை பூஞ்சணமாம், மஞ்சள் பூஞ்சணம், தனிப் பெட்டிக்குள்ளை பூட்டி வச்சிருக்கினமாம், சோதிச்சு முடிய ரெண்டு மாசம் செல்லுமாம் என்றார். அப்பா, படத்துக்கே தனிமைப்படுத்தலோ, ஒரு கசாயம் வச்சு அனுப்புவமோ என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் சிஞ்ஞோறாவின் காலடியில் உட்கார்ந்து, நான்தான் பூசினது என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எங்கடை சனத்தை அடையாளம் பிடிக்க மஞ்சள் துணி தைச்சு விட்டவங்கள், நீ எங்களுக்கு நல்லது நடக்கோணுமெண்டு மஞ்சள் பூசியிருக்கிறாய் என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று சூப்புக்குள் விழுந்துவிட்டது. நான் கரண்டியால் பல்லைத் தேடிக்கொண்டே அழுதேன்.

இதற்குள் நான்கு நாள் போயிற்று. நேற்று அவர்களின் கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்து மடிக்கும்போதுதான் பார்த்தேன், பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறது! பூஞ்சணத்தைக் கண்டதும் நாங்கள் ஒருவரும் தாளைத் திருப்பவே இல்லை. மூன்று பேர் இருந்து வாசித்த லட்சணம் அது. அகஸ்ரினை மறுபடி கூப்பிட்டு, சிஞ்ஞோறாவுக்கு முன்னாலேயே வாசிக்க வைத்தோம். யுத்தம் முடிந்து, மிஞ்சிய கொஞ்சப் பேர் யூத சபையைத் திரும்பத் தொடங்கியபோது எழுதிய பெயர்ப் பதிவில் அவருடைய தகப்பன் இருக்கிறார். 1946, தொழில் குடை திருத்துதல், தேடுவது மனைவியையும் மகள் மிரியாமையும், மகளுக்கு வயது ஒன்பது. அடுத்த வருடப் பதிவில் அதே வரி, வயது பத்து. அதற்கடுத்ததில் பதினொன்று. பிறகு அவர் பெயர் இல்லை, இறந்துவிட்டார் என்று குறித்திருக்கிறார்களாம். சிஞ்ஞோறா நான்கு முறை வாசிக்கச் சொன்னார். கடைசியில், ஒரு வருசமும் அப்பா என்ரை வயசைப் பிழையா எழுதேல்லை என்று மட்டும் சொன்னார்.

அதனால் மகளே, இது கிடைத்ததும் வரும் திங்கட்கிழமையே போ. அது மஞ்சள்தான், கறிக்குப் போடுவது என்று விளங்கப்படுத்திப் படத்தை வாங்கு. அந்த மூன்று பக்கங்களையும் தெளிவாகப் படம் பிடித்து அனுப்பு, சிஞ்ஞோறா தகப்பனின் பெயரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பத்திரத்தைத் தொடுவதற்கு முன் கையை நான் மூன்று தரம் சோப் போட்டுக் கழுவினேன், அதில் மஞ்சள் ஒன்றும் இல்லை.

நேற்று சிஞ்ஞோறா வீட்டிலிருந்து வரும் வழியில் உன் வயதைப் பற்றி எனக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம். நான் இருபத்தேழு என்றேன், அவர் இருபத்திரண்டு என்று நின்றார். விரல் விட்டு எண்ணிக் காட்டியும் கேட்கவில்லை. அது அவள் ரயில் ஏறேக்கை இருந்த வயசு, பிறகு நான் பாக்கேல்லை, எனக்கு எப்பிடித் தெரியும் என்கிறார்.

பிள்ளையார் துணையிருப்பார், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. காப்பகத்துக்குப் பாஸ்போர்ட் கொண்டுபோக மறக்காதே. டிசம்பரில் நத்தார் லீவுக்கு வந்து அப்பாவிடம் உன் முகத்தைக் காட்டு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா ஞானம்பிகை