முங்காத நீர்க்காகம்

நேற்று என் மனைவி தனம் கடையிலிருந்து ஒரு முழுச் சோப்பு வாங்கி வந்தாள். சிவப்புச் சோப்பு. காகிதத்தைப் பிரித்ததும் வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை.

"இன்னாத்துக்கு இத்த வாங்கின?" என்று கேட்டேன்.

"பின்ன? இனிமேட்டு அரை சோப்பு ஆரு கொண்டாரப் போறாங்க?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் நீ செத்துப்போனது எனக்கு உறைத்தது. போன மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது உறைக்கவில்லை. அன்றைக்குத் தெருமுனையில் நின்று பார்த்தேன். தோள் கொடுக்கக் கூப்பிட்டார்கள். முதுகு வலி என்று சொன்னேன். முதுகு நன்றாகத்தான் இருந்தது.

செத்தவனைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாது என்பார்கள். பேசவில்லை, எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வாத்தியார் பிரம்பை எடுத்ததும் ஜன்னல் வழியே குதித்து ஆற்றுக்கு ஓடியவன் நீ. நான் எட்டாவது வரை உட்கார்ந்து படித்தேன். படித்தவன் ஏமாந்தேன், ஓடியவன் ஏமாற்றினாய். படிப்புக்கு வந்த மரியாதை அவ்வளவுதான்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நம் இரண்டு பேருக்கும் ஒரே தோணி, ஒரே வலை. பாடுமுறை என்று ஒன்று இருந்ததைச் சொன்னால், இப்போது துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஆற்றில் மீன் அகப்படும் இடங்களை ஊர் பிரித்து வைத்திருக்கும். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதைக் கோயில் வாசலில் பானைக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டு விழுந்தவனால் போக முடியாவிட்டால் அவனுடைய தோணிக் கூட்டாளி போவான். வந்த மீனில் பாதி, விட்டுக்கொடுத்தவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கேட்கவே வேண்டாம். ஆற்றில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது, மண்டை உடைந்திருக்கிறது. அந்தப் பாதி மட்டும் எவனுக்கும் வராமல் போனதில்லை.

தோணிக்குள் நமக்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. நீ முன்னால் நின்று பார்ப்பாய். நான் பின்னால் கழி ஊன்றுவேன், வலை இழுப்பேன். "ரெண்டு பேரும் பாத்துகினு இருந்தா தோணி நவுராது மாமு. நீ இஸ்துகினே இரு, கண்ணு என்னுது" என்பாய். சரி என்று கண்ணை உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

நீ பார்த்தது நீர்க்காகங்களை. அதை மட்டும் நான் மறுக்க மாட்டேன், உன்னைப் போல அவற்றைப் பார்த்தவன் அந்த ஆற்றில் கிடையாது. மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் அவை வர ஆரம்பிக்கும். முதலில் ஒன்று இரண்டு, தண்ணீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு. நாம் பொழுது விடிந்து வலையைப் பிரித்து முடிப்பதற்குள் ஆறே கறுத்துப் போயிருக்கும். "பஞ்சாயத்து கூடிச்சு மாமு" என்பாய். கூட்டம் வரிசை கட்டி நீந்தும். ஒன்று முங்கினால் வரிசையே முங்கும். தண்ணீர் காலியாகக் கிடக்கும். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பிறகு சற்றுத் தள்ளி ஒவ்வொன்றாக எழும், வாயில் மடவை மீன் துடிக்க. பின்தங்கியவை பறந்து வந்து வரிசைக்கு முன்னால் விழும். இப்படியே மீனை மேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகும். அந்த மேட்டுக்கு முன்னால் நாம் வலையோடு காத்திருப்போம்.

வயிறு நிறைந்ததும் அவை வலைக்கழிகளில் ஏறி உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைக்கும். எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்று உயரமான கழியில் குந்தும். "தலைவரு வேட்டிய காயப் போட்டுகினு தீர்ப்பு சொல்றாரு, கம்முனு கேளு" என்பாய். நான் சிரித்து, கழி நழுவி, ஒரு முறை தண்ணீரில் விழுந்தேன். உன்னோடு சிரித்த சிரிப்பு எல்லாவற்றையும் இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கிக்கொள்வேன்.

கம்பெனி வந்தது. ஆற்றங்கரையில் சுவர் எழும்பியது, புகைபோக்கி எழும்பியது, சுவரைத் துளைத்துக்கொண்டு ஆற்றுக்குள் ஒரு பெரிய குழாய் இறங்கியது. அதிலிருந்து வெதுவெதுவென்று தண்ணீர் வந்தது. ஊருக்குச் சில வேலைகள் தருவதாகச் சொன்னார்கள். யாருக்கு என்பதை ஊரே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். நம் ஊருக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான். பானையை எடுத்தார்கள், சீட்டுக் குலுக்கினார்கள். வேலைக்கும் பாடுமுறைதான் என்று ஊர்த் தலைவர் அறிவித்தபோது எல்லோரும் தலையாட்டினோம். வேலை என்பதை மீன் அகப்படும் இன்னொரு இடம் என்று நினைத்த ஊர் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

என் பெயர் விழுந்தது.

தனம் அன்று பாயசம் வைத்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஓலைக் குடிசை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கல்லுக் கட்டிடம், மாதம் பிறந்தால் சம்பளம் என்று அவள் அன்றைக்கே மனசுக்குள் வீடு கட்டிக் குடியேறிவிட்டாள்.

மறுநாள் காலை நீ என்னைக் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனாய். அங்கே நான் அதுவரை கண்டிராத கூட்டம். குழாய் வாயைச் சுற்றித் தண்ணீரே தெரியாதபடி நீர்க்காகங்கள். வலையைப் போட்டோம், இழுக்க முடியாத அளவுக்கு மடவை. துள்ளக்கூட இல்லை, சோற்று மூட்டை மாதிரி ஏறி வந்தது.

"இத்தினி காக்கா எப்பனாச்சும் பாத்துகீறியா மாமு?" என்று கேட்டாய். "ஆத்துல இவ்ளோ கீது. இத்த உட்டுட்டு சுவத்துக்கு உள்ள போயி இன்னா பண்ணப் போற? எவனுக்கோ சலாம் போடவா?"

"தனம் ஆசப்படுறாடா."

"தனத்துக்கு இன்னா தெரியும், அது ஆத்தப் பாத்துச்சா? காக்கா பொய் சொல்லாது மாமு."

அன்று சாயங்காலம் பஞ்சாயத்தில் எழுந்து எனக்கு வேலை வேண்டாம் என்றேன். "அப்போ பாடுமுறைப்படி கூட்டாளிக்கு" என்றார் தலைவர். நீ குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அவன் எங்க போவப் போறான், அவனுக்கு காக்காதான் கம்பெனி" என்று நான்தான் சொன்னேன். ஊரே சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தோணியில் உனக்காகக் காத்திருந்தேன். நீ காக்கி அரைக்கால் சட்டையோடு கரையோரமாக நடந்து கம்பெனி கேட்டுப் பக்கம் போனாய். ஆற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. வாழ்நாளில் முதல் முறையாக நீ ஆற்றைப் பார்க்காமல் நடந்தாய்.

மாதம் முடிந்ததும் என் வாசலுக்கு அரை சோப்பு வந்தது. கம்பெனியில் கை கழுவக் கொடுக்கிற சோப்பு. கயிற்றால் நடுவில் அறுத்து, செய்தித்தாளில் சுற்றி, நீயே கொண்டுவந்து வைத்தாய். பாடுமுறைப்படி பாதி. அதை எடுத்து வீசினேன், வேலிக்கு அப்பால் சேற்றில் போய் விழுந்தது. தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய் அதை எடுத்துக் கழுவி மாடத்தில் வைத்தாள். "சோப்பு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள். நான் வேலையை மறுத்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு மாதா மாதம் வந்தது. ஒரு மாதம்கூடத் தப்பவில்லை. உன் யோக்கியதை அந்த அரை சோப்பில் இருந்தது என்று ஊர் சொல்லிக்கொண்டது. ஆளை முழுதாக விழுங்கிவிட்டு எலும்பில் பாதியைக் கொண்டுவந்து வைப்பது யோக்கியதையா?

அடுத்த மார்கழிக்குள் ஆறு முடிந்துபோனது. குழாயைச் சுற்றி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. பிறகு மிதக்கவும் மீன் இல்லை. வந்த கொஞ்சத்தைத் தலைக்கூடையில் வைத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் தனம் கூவிப்போனால், மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். தோணியை விறகு விலைக்குக் கொடுத்தேன். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உன்னைப் பிடித்தேன்.

"காக்கா பொய் சொல்லாதுன்னியேடா."

டீயைக் கீழே வைத்தாய். "காக்கா பொய் சொல்லல மாமு. நான்தான் முழுசா சொல்லல."

"இன்னா சொல்லல?"

"அதுங்க முங்கல. கொழா போட்டதுலேருந்து அங்க ஒண்ணுகூட முங்கல. மேலயே பொறுக்கித் துன்னுகினு இருந்துச்சு. சுடுதண்ணில மயங்கின மீனு மாமு அது. அப்பவே தெரியும், இந்த ஆறு தாங்காதுன்னு."

"தெரிஞ்சிகினே என்ன வேணாம்னு சொல்ல வெச்ச."

"ஒரு சீட்டுதான மாமு இருந்துச்சு" என்றாய். "எனக்கும் புள்ளைங்க கீது."

அடித்திருப்பேன். கம்பெனியில் சங்கு ஊதிவிட்டது, நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நான் குடும்பத்தோடு திருவொற்றியூருக்குக் குடிவந்தேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். தனத்தின் கல்லு வீடு கடைசிவரை வரவில்லை. இன்றைக்கும் வாடகை வீடுதான், ஓடு ஒழுகுகிறது.

அரை சோப்பு மட்டும் திருவொற்றியூர் வரை பஸ் ஏறி வந்தது. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வாசலில் வைத்துவிட்டுப் போவாய். கடைசி வருஷங்களில் நீ வரவில்லை, உன் மனைவி கோவிந்தம்மா கொண்டுவந்தாள். உள்ளே பொடி கலக்கிற இடத்தில் உன்னைப் போட்டிருந்தார்களாம். நெஞ்சு கட்டிப் படுத்துவிட்டாயாம். ஒரு நாள் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போண்ணே. இருமும்போதெல்லாம் உன் பேச்சுத்தான். இது அவன் சீட்டுதான, எல்லாத்துலயும் பாதி குடுத்தேன், இந்த இருமல மட்டும் குடுக்காம நானே வெச்சிகினேன்னு சொல்லுன்னாரு."

தனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. சாகும்போதுகூட உனக்கு என் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டியிருந்தது. என் சீட்டை நீ எடுத்தபோது அதற்குள் இருமல் இருப்பது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னை வேலைக்குப் போகச் சொல்லி நீயே கம்பெனி கேட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பாய். திருடின மூட்டைக்குள் பாம்பு இருந்தது என்பதற்காகத் திருடனைத் தியாகி என்று கும்பிட முடியாது. நான் வரவில்லை. இதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

இன்று காலை கை கழுவப் போனால் அந்தச் சோப்பு. கழுவாமலே கிளம்பினேன். வேலை இல்லாத நாள். கால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், பஸ் ஏறி ஆற்றுப் பாலத்தில் இறங்கினேன். பாலத்துக்குக் கீழே கூட்டமாக நீர்க்காகங்கள், கறுப்பாக, கழுத்தை நீட்டிக்கொண்டு. வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். புளியந்தோப்பிலிருந்து வருகிறானாம், ஆறு அவனுக்குப் புதுசு.

"இன்னாண்ணே, செம கூட்டமா கீது. எறங்கலாமா?" என்று கேட்டான்.

கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிப் பார்த்தேன். தோணியில் பார்ப்பது உன் வேலை, இழுப்பது என் வேலை. இப்போது இழுக்க வலையும் இல்லை, பார்க்க நீயும் இல்லை. ஆனாலும் நீ நிற்கிற மாதிரியே ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். தெரிந்ததும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒரு பறவை மேலாக எதையோ கொத்தியது. இன்னொன்று கொத்தியது. வரிசை கட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றுகூடத் தலையை உள்ளே விடவில்லை.

"எறங்காதப்பா. காக்கா முங்கல" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. மேலே வருவது சாகப்போகிற மீன் என்று விளக்கிச் சொன்னேன். சரிண்ணே என்று வலையைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

முன்பின் தெரியாதவன் அவன். அவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. உனக்கு ஏன்டா வாய் வரவில்லை?